எம்.பி.யின் நிலைப்பாட்டைக் காணவில்லை

செவ்வாய்க்கிழமை, காலை 10.40.

ஓர் அரசியல்வாதியின் நிலைப்பாடு காணாமல் போவது மன்னாரில் புதினமில்லை. காணாமல் போய்விட்டது என்று அவரே ஓடி வந்து முறையிடுவதுதான் புதினம். அதுவும் பொலிசில் அல்ல, தன் அலுவலகமான கந்தோருக்கு எதிரே இருந்த எமிலியானுஸின் போட்டோக்கொப்பிக் கடையில்.

"என்ர கடிதத்துக்கு என்னடா செய்தனி?" என்றார் பஸ்தியாம்பிள்ளை எம்.பி.

எமிலியானுஸ் வாயில் இருந்த வடையை விழுங்கினார். நாற்பத்தேழு வயது. மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தும் வள்ளத்தில் கால் வைத்தால் வாந்தி எடுக்கிற மனிதர். தாள் ஆடாது என்ற ஒரே நம்பிக்கையில் இந்தத் தொழிலுக்கு வந்தவர். சட்டைப் பைக்குள்ளிருந்து காய்ந்த குருத்தோலை ஒன்று எட்டிப் பார்த்தது. நாளை விபூதிப் புதன். போன வருடத்துக் குருத்தோலைகளை இன்று கோயிலில் சேர்த்தால் எரித்துச் சாம்பலாக்குவார்கள். போகிற வழியில் கொடுக்கும்படி மனைவி செலீனா காலையில் தந்திருந்தாள். போகிற வழியில் வடைக் கடையும் இருந்தபடியால் மறந்தாயிற்று.

"நேற்று உங்கட கையில தந்தனான் ஐயா. ரெண்டு தாள். கையெழுத்து வச்சு, சீல் குத்தி."

"அந்த ரெண்டு தாளும் இப்ப கொழும்பில நிண்டு நான் சட்டத்தை ஆதரிக்கிறன் எண்டு சொல்லுது."

விசயம் இதுதான். மென்பொருளுக்கும் ஆக்கவுரிமை கொடுக்கலாம் என்று ஒரு சட்டமூலம் வந்திருந்தது. அதன் பத்தொன்பதாம் பிரிவின்படி, ஒரு வேலையைக் கணினி செய்யும் விதத்தை ஒருவர் தன் பெயரில் பதிந்துவிட்டால், பிறகு வேறு எவரும் அதே விதத்தில் மென்பொருள் செய்ய முடியாது. சொந்த மூளையைக் கசக்கித் தானே எழுதியிருந்தாலும் குற்றம்தான். உறுப்பினர்கள் தங்கள் நிலைப்பாட்டை இன்று மாலை நாலு மணிக்குள் பாராளுமன்றக் குழுவுக்கு எழுத்தில் அனுப்ப வேண்டும்.

மன்னாருக்கும் மென்பொருளுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் ஜெயந்தினியை அறியாதவர்கள். மண்டபம் அகதி முகாமில் பிறந்து, பத்து வயதில் பெற்றோருடன் திரும்பி வந்தவள். கரைவலை இழுக்க ஒவ்வொருவருக்கும் வரும் முறைக்குப் பாடு என்று பெயர். ஒரு கரை, நாற்பத்திரண்டு வலை. இன்று யாருக்குப் பாடு, வலை கிழிந்தால் யாருக்கு மாறும், வீட்டில் சாவு விழுந்தால் எத்தனை நாள் தள்ளும் என்பதெல்லாம் எத்தனையோ தலைமுறை மண்டை உடைபட்டுக் கண்ட கணக்கு. அதை அவள் கைப்பேசிக்குள் எழுதி, யாரும் எடுக்கலாம் என்று சும்மா விட்டுவிட்டாள். அதே கணக்கைத் தங்கள் கண்டுபிடிப்பு என்று ஒரு கொழும்புக் கம்பனி பதிவுக்குப் போட்டு, சட்டம் நிறைவேறிய நாளே நிறுத்த வேண்டும் என்று அவளுக்கு வக்கீல் கடிதமும் அனுப்பியிருந்தது.

பஸ்தியாம்பிள்ளைக்குக் கணினி தெரியாது. பாடு தெரியும். அவருடைய தகப்பன் வலைக்காரன்.

"இன்னொரு கடிதம் அடிச்சு அனுப்புவம் ஐயா."

"குழுவிட்டக் கேட்டுப் பாத்தனான். ஒரே கையெழுத்தில ரெண்டு எதிர்க் கடிதம் வந்தால் ரெண்டையும் தள்ளுவினமாம். முதல் கடிதம் எப்பிடி வந்தது எண்டு காட்ட வேணுமாம். நாலு மணிக்குள்ள." எம்.பி. கதிரையில் விழுந்தார். "வெளியில பார்."

செய்தி கேட்டு வந்த வலைக்காரரும் வலை இழுப்பவருமாக வீதியில் ஐம்பது அறுபது பேர் நின்றார்கள். இருவர் கையில் கல். எம்.பி. கந்தோருக்கா, போட்டோக்கொப்பிக் கடைக்கா என்று இன்னும் முடிவெடுக்கவில்லை. முன்னால் ஜெயந்தினி கை கட்டி நின்றாள்.

"எமிலி அண்ணை," என்றாள், "நீங்கள் வித்தனீங்களோ, அவர் வித்தவரோ?"

"என்னை ஆர் பிள்ளை வாங்குவான்?" என்றார் எமிலியானுஸ். அவள் சிரிக்கவில்லை. அவருக்கு அது கல்லைவிட வலித்தது. "நாலு மணி வரைக்கும் பொறு. கண்ணாடி புதுசு."

11.05.

கந்தோரில் கடிதம் கோவையில் இருந்தது. எமிலியானுஸ் இரண்டு தாளையும் விரல் நுனியால் தடவினார்.

இரண்டாம் தாள் அசல். எம்.பி.யின் கையெழுத்து, சீல், அதற்கு மேலே எமிலியானுஸே யோசித்துக் கொடுத்த வரி: "மேற்சொன்ன காரணங்களால் பத்தொன்பதாம் பிரிவு பற்றிய எனது நிலைப்பாடு இதுவே. இதை எவருக்காகவும் மாற்றமாட்டேன்." அடித்தபோது மெய்சிலிர்த்த வரி. முதல் தாளில் எதை எழுதினாலும் அதற்குக் கீழே அழகாகப் பொருந்தும் வரி என்று இப்போதுதான் தெரிந்தது. எதிரிக்கு ஏணி செய்து கொடுத்தவர் அவர்தான்.

முதல் தாள் வேற்றாள். எழுத்து அதே எழுத்து, தலைப்பு அதே தலைப்பு. ஆனால் தடித்த தாள், எண்பது கிராம். அவருடைய கடையில் எழுபது கிராம் தவிர வேறு இல்லை. கந்தோருக்கும் அவர்தான் தாள் கொடுக்கிறார். கஞ்சத்தனம் முதல் தடவையாக ஒரு மனிதனுக்குச் சாட்சி சொன்னது.

இரண்டாம் தாளின் மேல் மூலையில் ஐந்து ரூபாய் நாணயக் குற்றியளவில் எண்ணெய் ஊறினது போல ஒரு கறை. அதைக் கண்டதும் எமிலியானுஸ் தன் விரல்களைச் சட்டையில் துடைத்தார். நேற்று மாலை இந்தத் தாள்களைக் கோர்க்கும்போதும் வடை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வரலாற்று ஆவணத்தில் தன் வடை.

அந்தக் குற்றத்தை மறைத்துக்கொண்டே விசாரணையைத் தொடங்கினார்.

முதலில் யதுசன், கணினி இயக்குநர். நறுவிலிக்குளத்துப் பெடியன். வெள்ளி முதல் நெல் அருவிவெட்டுக்கு லீவில் நின்று இன்றுதான் வந்திருந்தான்.

"எத்தினை மணிக்குத் திறந்தனீ?"

"எட்டு மணிக்கு. என்வலப் மேசையில கிடந்தது. எட்டு இருபதுக்கு ஸ்கான் பண்ணி அனுப்பினனான்."

"வாசிக்கேல்லையோ?"

"அனுப்பச் சொன்னவை. வாசிக்கச் சொல்லேல்லை."

"இந்தக் கறை?"

"ஆரோ வடை திண்ட கையால தொட்டிருக்கினம்."

எமிலியானுஸ் அடுத்தவரைக் கூப்பிட்டார்.

நௌஷாட், சாரதி, முசலி ஊர். வெளியே நின்ற கூட்டம் ஏற்கெனவே அவன்மேல் தீர்ப்பு எழுதிவிட்டது. அவனுடைய மச்சான் கொழும்பில் ஏதோ கணினிக் கடையில் வேலையாம். அது போதும்.

"ஏழரைக்கு வீட்டில எம்.பி.ட மனிசி அக்கா என்வலப் தந்தவ. ஏழு நாப்பதுக்கு இஞ்ச மேசையில வச்சுப் பூட்டிட்டு, வாகனத்துக்கு டீசல் அடிக்கப் போனன். திறந்து பாக்கேல்ல."

"இந்தக் கறை?"

"எஞ்சின் ஒயில் எண்டு சொல்லுவீங்க. என்ட கை சுத்தம்." இரண்டு கையையும் விரித்துக் காட்டினான். "எமிலி அண்ணன், இந்தச் சனம் என்னைப் பாக்கிற பார்வையைப் பாத்தீங்களா?"

"பாத்தனான். அதே பார்வைதான் எனக்கும். வா, பக்கத்தில நில்."

கடைசியாகத் துஷாந்தன், எம்.பி.யின் இணைப்பாளர். வெள்ளைச் சட்டை, வாசனைத் தைலம். பேசாலைக்காரன், அந்த நாற்பத்திரண்டு வலைக்காரரில் ஒருவருடைய மகன். சனிக்கிழமை எம்.பி. சொல்லச் சொல்ல எமிலியானுஸ் அடித்தபோது பின்னால் நின்று பிழை பார்த்தவன்.

"நான் ஒம்பது மணிக்குத்தான் வந்தனான். பேசாலை பஸ். அதுக்கு முதலே கடிதம் போயிட்டுது."

"கந்தோர்ப் பூட்டுத் திறப்பு இருக்கோ?"

"எல்லாரிட்டயும் இருக்கு."

"இந்தக் கறை?"

"மெழுகு பட்டிருக்கு. அதுக்கென்ன இப்ப? ஒரு எம்.பி.ட மானம் போகுது, நீங்கள் கறையில நிக்கிறியள். கொப்பிக் கடைக்காரர் துப்பறிய வெளிக்கிட்டால் இப்பிடித்தான்."

சரியான பேச்சு என்றே எமிலியானுஸுக்குப் பட்டது. வெட்கத்தில் சுவரைப் பார்த்தார். மடுமாதா படம் தொங்கியது. படச் சட்டத்தின் தூசியில் குறுக்கே ஒரு வெளிறிய கோடு. பார்த்துவிட்டுக் கடைக்குத் திரும்பினார்.

12.30.

கடையின் பின்கதவைத் தட்டிக்கொண்டு எம்.பி.யின் மனைவி மெற்றில்டா வந்தார். முந்தானையை முறுக்கிக்கொண்டே இருந்தார்.

"தம்பி, நான்தான் செய்தனான்."

எமிலியானுஸ் கதிரையைத் தேடினார்.

"காலமை அவர் அஞ்சரைக்கே செத்தவீட்டு ஆக்களின்ர வாகனத்தில முருங்கனுக்குப் போயிட்டார். இண்டைக்குச் செவ்வாய். கடிதத்தை அந்தோனியார் கோயிலுக்குக் கொண்டு போய்ப் பாதத்தில வச்சனான். முக்கியமான கடிதம் எல்லாத்தையும் அப்பிடித்தான் வைக்கிறனான். அவருக்குத் தெரியாது. தெரிஞ்சால், பாராளுமன்றக் கடிதத்தை அந்தோனியாரோ திருத்திறவர் எண்டு கத்துவார்."

"அது குற்றமில்லை அக்கா."

"காத்துக்கு மெழுகுதிரி சரிஞ்சு கடிதத்தில ஒழுகிட்டுது. சூட்டோட. நகத்தால சுரண்டினன். முதல் தாளில கட்டியா ஒட்டினது போகேல்லை. அடித்தாளில சும்மா ஊறி எண்ணெய் மாதிரி இருந்தது. அதாலதான் கடிதம் பிழைச்சுப் போச்சுதோ தம்பி?" கண் கலங்கியது. "காணாமல் போனதை எல்லாம் எடுத்துத் தாறவர். அவரிட்ட வச்சே காணாமல் போச்சு."

எமிலியானுஸ் கடைசியில் கதிரையைக் கண்டு உட்கார்ந்தார். வடை நிரபராதி என்ற நிம்மதி முதலில் வந்தது. வேறொன்று பின்னால் மெல்ல வந்து தோளைத் தட்டியது.

"அக்கா, நீங்கள் அழாதேங்கோ. உங்கட மெழுகுதான் எங்களுக்குச் சாட்சி."

2.50.

சாட்சி இருந்தது, அசல் முதல் தாள் இல்லை. கந்தோரின் குப்பைக்கூடை, மலசலகூடம், வாகனத்தின் சீற்றுக்கு அடி, எல்லாம் கிளறியாயிற்று. வெளியே ஜெயந்தினி அதே இடத்தில் நின்றாள். யாரோ கொடுத்த சோடா திறக்காமல் கையில் இருந்தது. கல் வைத்திருந்தவர்கள் இப்போது ஐந்து பேர்.

கைப்பேசி அடித்தது. செலீனா.

"குருத்தோலையைக் குடுத்தாச்சோ?"

"கேஸ் ஒண்டில நிக்கிறன்."

"மூண்டரைக்கு எரிக்கப் போகினம். பையில வச்சுக்கொண்டு திரியுறியள் எண்டு எனக்குத் தெரியும். குப்பையில கிப்பையில போட்டுடாதேங்கோ. மந்திரிச்ச சாமான்."

எமிலியானுஸ் பையைத் தொட்டார். பிறகு மடுமாதா படத்தை நிமிர்ந்து பார்த்தார். தூசியில் அந்த வெளிறிய கோடு.

"யதுசன், படத்துக்கு மேல குருத்தோலை ஒண்டு இருந்ததல்லோ?"

"ஓம் அண்ணை, சிலுவை மாதிரி மடிச்சது. அக்கா நீல நூலால கட்டினவ. காலமை நான் திறக்கேக்க இல்லை. நான் வந்த உடன மாதாவைக் கும்பிட்டிட்டுத்தான் கொம்பியூட்டர் போடுறனான். அதால தெரியும்."

"எட்டு மணிக்கே இல்லையோ?"

"இல்லை."

எமிலியானுஸ் எழும்பிய வேகத்தில் கதிரை விழுந்தது. "நௌஷாட், வாகனத்தை எடு. ஓலை எங்க போச்சுதோ, தாளும் அங்கதான்."

பங்குக் கோயில் நாலு நிமிடப் பயணம். அதில் மூன்று நிமிடத்தை வீதியின் நடுவே நின்ற கழுதைகள் எடுத்துக்கொண்டன. எமிலியானுஸ் இறங்கிக் கும்பிட்டுக் கேட்டபிறகே வழிவிட்டன.

3.14.

கோயில் வளவில் தகரப் பீப்பாய்க்குள் குருத்தோலைகள் குவிந்து கிடந்தன. கோயில் பணி செய்யும் மூப்பர் மண்ணெண்ணெய்ப் போத்தலோடு நின்றார்.

"ஒரு நிமிசம் மூப்பர், ஊத்தாதேங்கோ."

"ஒரு ஓலை போட வந்த ஆள் பீப்பாயையே கவிழ்க்கிறியே?"

எமிலியானுஸ் முழங்காலில் நின்று கிளறினார். நௌஷாட்டும் குனிந்தான்.

"இதெல்லாம் நான் தொடலாமா அண்ணன்?"

"உன்ர கைதான் சுத்தம் எண்டு சொன்னனியே. தேடு."

நீல நூலை நௌஷாட்தான் கண்டான். சிலுவையாக மடித்த குருத்தோலை. அதைச் சுற்றி இறுக்கமாக உருட்டிக் கட்டிய எழுபது கிராம் தாள். விரித்தார்கள். மேல் மூலையில் கட்டியாக மெழுகு. அதன் கீழே: "கரைவலைப் பாடு என்னும் முறையை எவரும் தனியாகக் கண்டுபிடிக்கவில்லை. ஆகவே அதை எவரும் தனியாகச் சொந்தம் கொண்டாட முடியாது. கடற்கரையில் செல்லாத உரிமை கணினிக்குள் போனதும் செல்லுபடியாகும் என்பதை நான் எதிர்க்கிறேன்."

3.27.

கந்தோர் நிறைந்திருந்தது. ஜெயந்தினி வாசலில். எமிலியானுஸுக்கு இன்னும் மூச்சு வாங்கியது.

"மாத்தின முதல் தாள் எண்பது கிராம். எங்கட கடையிலயும் இல்லை, இஞ்சயும் இல்லை. ஆகவே முன்கூட்டியே வேற இடத்தில அடிச்சுக் கொண்டு வந்தது. இரண்டாம் தாளில என்ன இருக்கு எண்டு தெரிஞ்ச ஆள்தான் அதை அடிக்கலாம். தெரிஞ்சது மூண்டு பேருக்கு. ஐயாவுக்கு, எனக்கு, துஷாந்தனுக்கு."

"அப்ப நீங்களும்தான்," என்றான் துஷாந்தன்.

"நானும்தான். என்னை நான் நல்லா விசாரிச்சனான். நேற்று அஞ்சரைக்குப் பிறகு நான் கடிதத்தைக் காணேல்லை. கந்தோர்த் திறப்பும் என்னட்ட இல்லை. ஆனா இண்டைக்குக் காலமை வரைக்கும் ரெண்டு தாளும் ஒண்டாத்தான் இருந்தது. ஏனெண்டால் அக்கா அதை அந்தோனியார் பாதத்தில வைக்கேக்க, மேல் தாளில விழுந்த மெழுகு அடித்தாளிலயும் ஊறினது. இப்ப கோவையில இருக்கிற முதல் தாளில ஒரு பொட்டும் இல்லை. அப்ப மாத்தினது அதுக்குப் பிறகு. அந்த நேரம் ஐயா முருங்கனில."

எம்.பி. மனைவியைத் திரும்பிப் பார்த்தார். மெற்றில்டா கூரையைப் பார்த்தார்.

"பிறகு அந்தக் கறை. யதுசன் வடை எண்டான். நௌஷாட் எஞ்சின் ஒயிலோ எண்டான். எனக்கும் வடைதான். நீர் ஒராள்தான் மெழுகு எண்டனீர். இரண்டாம் தாளில மெழுகுக் கட்டியே இல்லைத் தம்பி. முதல் தாளைக் கையில வச்சிருந்த ஆளுக்குத்தான் அது மெழுகு எண்டு தெரியும்."

துஷாந்தன் வாசல் பக்கம் திரும்பினான்; அங்கே ஜெயந்தினி நின்றாள்.

"ஒம்பது மணிக்கு வந்தனான் எண்டீர். எட்டு மணிக்கு முதலே மாதா படத்து ஓலை இல்லை. ஓலையைக் கோயிலுக்குக் கொண்டு போன ஆள்தான் தாளையும் கொண்டு போனது." உருட்டுத் தடம் மாறாத தாளை மேசையில் வைத்தார். "ஒண்டுதான் எனக்கு விளங்கேல்லை. கடற்பாலத்தில நிண்டு எறிஞ்சிருக்கலாம். கிழிச்சுக் குப்பையில போட்டிருக்கலாம். தப்பியிருப்பீர்."

துஷாந்தன் அந்த மெழுகை விரலால் தொட்டான்.

"அக்கா கடிதம் வைக்கிறது எனக்குத் தெரியும். அந்தோனியார் பாதத்தில வச்ச தாள், எமிலி அண்ணை," என்றான். "அதை எப்பிடிக் குப்பையில போடுறது?"

யாரும் சிரிக்கவில்லை. அவனுடைய இடத்தில் நின்றிருந்தால் தானும் அதைத்தான் செய்திருப்பார் என்பது எமிலியானுஸுக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

"ஏன்ரா?" என்றார் எம்.பி.

"அந்தக் கம்பனிக்காரங்கள் கொழும்பில ஆலோசகர் பதவி, பேர்ப்பலகையோட அறை எண்டவங்கள். இந்தத் தீவுக்குள்ள நிண்டு உங்கட பையைத் தூக்கிக்கொண்டே கிழவனாகட்டோ? ஐயா, நீங்கள் எதிர்த்தாலும் இந்தச் சட்டம் வரும். ஒரு மன்னார் எம்.பி.ட ரெண்டு தாளுக்கு ஆர் பயப்பிடப் போறான்?"

"பயப்பிடாட்டி, ஏன் அதை மாத்தச் சொன்னவங்கள்?" என்றாள் ஜெயந்தினி.

துஷாந்தன் மேசையிலிருந்த பேனையை எடுத்தான்.

3.46.

துஷாந்தன் நடந்ததை நாலு வரியில் எழுதிக் கையெழுத்து வைத்தான். மெழுகோடு முதல் தாளையும், கறையோடு இரண்டாம் தாளையும், அந்த நாலு வரியையும் யதுசன் ஸ்கான் செய்து அனுப்பினான். இந்த முறை ஒவ்வொரு வரியையும் வாசித்துவிட்டு.

3.57.

கொழும்பிலிருந்து அழைப்பு. எம்.பி. எழுந்து நின்று பேசினார். "ஓம். எதிர்ப்புத்தான். இல்லை, திருத்தம் ஒண்டும் வேண்டாம். என்ன... மூலையில கட்டியா இருக்கிறதோ? அது அந்தோனியார். ஓம், அவரும் எதிர்ப்புத்தான் எண்டு பதிஞ்சு கொள்ளுங்கோ."

வீதியில் கற்கள் ஒவ்வொன்றாகக் கீழே விழும் சத்தம் கேட்டது. ஜெயந்தினி சோடாவைத் திறந்தாள்.

"பிள்ளை," என்றார் எமிலியானுஸ், "சட்டம் வந்திட்டுது எண்டு வை. அப்ப என்ன செய்வாய்?"

"நாளைக்குப் பாடு ஆருக்கு எண்டு நாளைக்கும் சொல்லுவன். நாற்பத்திரண்டு வலைக்காரருக்கும் அந்தக் கணக்குத் தலைக்குள்ள இருக்கு. அவையின்ர தலைக்கும் வக்கீல் கடிதம் அனுப்பட்டும். வாசலில நிண்டு வாங்குவம்."

கூட்டத்திலிருந்து ஒருவர் தன் கைப்பேசியை நீட்டிக்கொண்டு முன்னால் வந்தார். நாளைய பாடு திரையில் விழுந்திருந்தது. முதல் பெயர் துஷாந்தனின் தகப்பனுடையது.

"இதை வெட்டு பிள்ளை," என்றார் அவர். "இவன் செய்த வேலைக்கு அந்த வலை இந்த வருசம் கரையில இறங்கக் கூடாது. ஒரு விரலால தட்டினாப் போதும். உன்ர மென்பொருள்தானே."

துஷாந்தன் படியில் தலை குனிந்து நின்றான். ஜெயந்தினி கைப்பேசியை வாங்கிப் பார்த்தாள். எல்லோரும் அவள் விரலைப் பார்த்தார்கள். மற்றவர்களைவிட எமிலியானுஸ் கூடுதலாகப் பார்த்தார்.

அவள் அதை அப்படியே திருப்பிக் கொடுத்தாள்.

"என்ர எண்டு நான் எப்ப சொன்னனான்?" என்றாள். "அதுக்குத்தானே இண்டைக்கு முழுக்க வெயிலில நிண்டனாங்கள். பாடு இவன்ர தகப்பன்ர. காலமை நாலரைக்கு அவற்ற வலைதான் முதல் இறங்கும்."